கீழறைக் காற்று: ரேடானும் நுரையீரலும்

திருப்பூர் காதர்பேட்டையில் வீட்டையும் கடையையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசுவது சிரமம். முன்னால் ஷட்டர் போட்ட பனியன் கடை, பின்னால் பண்டல் அடுக்கிய அறை, சில கட்டடங்களில் தரைக்குக் கீழே ஒரு குடோன், மாடியில் குடும்பம். பின்னறையில்தான் முதலாளி மதியம் கண்ணயர்வார். இரவில் கடைப் பையன்கள் அங்கேயே பாய் விரிப்பார்கள். இந்த அத்தியாயம் முக்கியமாக அந்தப் பின்னறைக்கும் குடோனுக்கும் உரியது. தரையோடு ஒட்டிய அறையில் ஏசி போட்டு, கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிற எவருக்கும் உரியது. இரண்டாம் மாடியில் சன்னலைத் திறந்து வைத்துப் படுப்பவர்கள் புகையிலை பற்றிய பகுதியையும் இருமல் பற்றிய கடைசிப் பகுதியையும் மட்டும் படித்தாலே போதும்.

எங்கிருந்து வருகிறது

நம் காலடியில் இருப்பது கொங்கு நாட்டுப் பழம்பாறை. நைஸ், சார்னோகைட், ஆங்காங்கே கிரானைட். காங்கேயத்தை அடுத்த படியூரில் அக்வாமரைன் கற்கள் கிடைத்ததும் இந்தப் பாறைகளுக்குள் ஊடுருவிய பெக்மடைட் கற்களிலிருந்துதான். உலகில் எந்தப் பாறையை எடுத்தாலும், அது உதிர்ந்து உண்டான எந்த மண்ணை எடுத்தாலும், அதில் யுரேனியம் இம்மியளவு இருக்கும். பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இந்த யுரேனியம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்துகொண்டே வருகிறது. அந்த வரிசையில் ரேடியம் வரும். ரேடியம் சிதைந்தால் ரேடான்.

யுரேனியமும் ரேடியமும் திடப்பொருள்கள். கிடக்கிற இடத்திலேயே கிடக்கும். ரேடான் வாயு. மண்ணின் இண்டு இடுக்குகளில் புகுந்து மேலே வந்துவிடும். நிறமில்லை, மணமில்லை, மூக்கிலோ கண்ணிலோ எரிச்சலும் இல்லை. திறந்த வெளியில் வந்த வேகத்தில் காற்றோடு கலந்து நீர்த்துப் போகும். மேலே ஒரு கட்டடம் உட்கார்ந்திருந்தால், தரை விரிசல், சுவரும் தரையும் சேரும் இடுக்கு, குழாய் இறங்கும் ஓட்டை என்று எது கிடைத்தாலும் அதன் வழியே உள்ளே ஏறும். ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள். மூடிய அறையில் சேர்ந்து தங்குவதற்கு அந்த அவகாசம் தாராளம்.

அறைக்குள் காற்றழுத்தம் வெளியைவிடத் துளி குறைந்தாலும் தரை வழியே உறிஞ்சல் கூடும். குடோன்களில் நான் அடிக்கடி பார்ப்பது: பின்சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், ஷட்டர் முழுக்க இறக்கியிருக்கும், வெளிக்காற்று நுழைய வேறு வழியே இருக்காது. ஃபேன் வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும். அதில் ஒரு பங்கு தரைக்கடியிலிருந்து வரும். ஃபேன் ஓடுகிறது, காற்றோட்டம் இருக்கிறது என்று முதலாளி நிம்மதியாக இருப்பார்.

நுரையீரலுக்குள் என்ன செய்கிறது

ரேடானை மூச்சில் இழுத்தால் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும். அது எதோடும் ஒட்டாத வாயு. தொல்லை அதன் வாரிசுகளால். ரேடான் சிதைந்ததும் பொலோனியம், ஈயம், பிஸ்மத் என்று வரிசையாகத் திடப்பொருள் அணுக்கள் உண்டாகின்றன. இவை காற்றிலுள்ள தூசியில், புகையில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தூசி மூச்சுக்குழாயின் உட்சுவரில் படிந்ததும் அங்கேயே இருந்து சிதையும். முதலில் வரும் பொலோனியத்தின் அரை ஆயுள் மூன்றே நிமிடம். அடுத்து வருபவற்றின் அரை ஆயுளும் அரை மணிக்குள் அடங்கிவிடும். நுரையீரல் சளியோடு அவற்றை மேலே தள்ளி வெளியேற்றுவதற்குள் அவை தம் வேலையை முடித்துவிடும்.

பொலோனியம் சிதையும்போது ஆல்ஃபா துகள் தெறிக்கிறது. ஒரு காகிதத்தைத் தாண்ட முடியாத துகள் அது. கையில் பட்டால் தோலின் மேலேயுள்ள இறந்த அடுக்கே தடுத்துவிடும். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் அப்படி ஒரு அடுக்கு கிடையாது. உயிருள்ள செல்லின் மரபணுவை நேராக அடிக்கும். அடிபட்ட செல்களில் பெரும்பாலானவை செத்துப்போகும் அல்லது தம்மைச் சரிசெய்துகொள்ளும். எப்போதோ ஒன்று தப்பாகச் சரிசெய்துகொண்டு பிழைத்து, பெருகத் தொடங்கும். புற்றுநோயாக அது வெளியே தெரிய பல ஆண்டுகள் ஆகும்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே ரேடானை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், நாட்டுக்கு நாடு மாறினாலும், நுரையீரல் புற்றுநோய்களில் 3 முதல் 14 சதவீதம் வரை ரேடானால் வருபவை. புகையிலைக்கு அடுத்து, பல நாடுகளில் இரண்டாவது காரணம் இதுதான்.

ஒரு வீட்டின் கதை, ஒரு கடற்கரையின் கதை

முதலில் சுரங்கத் தொழிலாளிகளிடம்தான் இது தெரிந்தது. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் நெஞ்சு நோயால் சாவது பல தலைமுறைகளாகத் தெரிந்த விஷயம். அது நுரையீரலில் வளரும் கட்டி என்று 1879இல் இரண்டு மருத்துவர்கள் சொன்னார்கள். காரணம் ரேடான் என்பது உறுதியாவதற்கு அடுத்த நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீடுகளைப் பற்றி அப்போதும் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

1984 டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் லிமெரிக் அணுமின் நிலையத்துக்கு வேலைக்குப் போகும்போதெல்லாம் கதிர்வீச்சு அலாரம் அடித்தது. நிலையம் இன்னும் மின் உற்பத்தியையே தொடங்கியிருக்கவில்லை. உள்ளே நுழையும்போதே அலாரம் அடிக்கிறது என்றால் வெளியிலிருந்துதானே கொண்டுவர வேண்டும்? அவர் வீட்டை அளந்தார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் ஒரு லட்சம் பெக்கரல். அக்கம்பக்கத்து வீடுகளில் அப்படி இல்லை. எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அந்தப் பெரிய எண் அல்ல, பக்கத்து வீடுதான். ஒரே தெரு, ஒரே மண். அதனாலேயே ஊர்ச் சராசரியை வைத்து உங்கள் அறையைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது.

நம் பக்கத்தில் கதை வேறு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவறா, நீண்டகரை கடற்கரைகளிலும் மோனசைட் மணல் இருக்கிறது. அதில் தோரியம். தோரியத்திலிருந்து வருவது தோரான், ரேடானின் தம்பி. அதன் அரை ஆயுள் ஒரு நிமிடம்கூட இல்லை. பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் போக முடியாமல் சுவரையும் தரையையும் ஒட்டியே கிடக்கும். சவறா, நீண்டகரை அடங்கிய கருநாகப்பள்ளிப் பகுதியில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். மணலின் கதிர்வீச்சு அதிகமுள்ள இடத்தில் புற்றுநோய் கூடவில்லை. "கேரளாவிலேயே ஒண்ணும் ஆகலீங்க, நமக்கு என்ன?" என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வு கணக்கிட்டது உடலுக்கு வெளியிலிருந்து படும் காமா கதிர்களை. மூச்சில் போகும் ரேடானை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படவும் கூடாது, அசட்டையாகவும் இருக்கக் கூடாது.

எண்களைப் படிக்கும் விதம்

பெக்கரல் என்றால் நொடிக்கு ஒரு அணு சிதைவது. ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கரல் என்று கருவி காட்டினால், ஒரு கன மீட்டர் காற்றில் நொடிக்கு 100 ரேடான் அணுக்கள் சிதைகின்றன என்று பொருள். பத்துக்குப் பத்து அடி லைன் வீட்டு அறை, உயரம் ஒன்பது அடி என்றால் கொள்ளளவு சுமார் 25 கன மீட்டர். அந்த அறை முழுக்க நொடிக்கு 2,500 சிதைவு. கேட்கப் பயமாக இருக்கும். பயப்படும் முன் அடுத்த பத்தியைப் படியுங்கள்.

வீட்டுக்குள் 100 பெக்கரலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது இயலாத நாடுகளிலும் 300ஐத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2009இல் சொன்ன வரம்பு. உலக வீடுகளின் சராசரி சுமார் 40. இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வில், சுமார் 1,500 வீடுகளில் கிடைத்த மையச் சராசரி 23 பெக்கரல் அளவில்தான் இருந்தது. ஆனாலும் அதே ஆய்வில் ஏறத்தாழ 150 பெக்கரல் காட்டிய வீடும் இருந்தது. நம் வீடுகளில் சன்னல் திறந்திருப்பதால்தான் சராசரி தாழ்ந்திருக்கிறது. பாறை நமக்குச் சலுகை காட்டவில்லை. ஏசி பெருகி, சன்னல்கள் மூடிக்கொண்டே போனால் இந்தச் சராசரி இப்படியே இருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஆபத்து எவ்வளவு? ஐரோப்பாவின் 9 நாடுகளில் நடந்த 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பெரிய கணக்கு 2005இல் வந்தது. ஒவ்வொரு 100 பெக்கரல் கூடும்போதும் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு 16 சதவீதம் கூடுகிறது. சதவீதம் சொன்னால் மனதில் நிற்காது, ஆட்கணக்கில் சொல்கிறேன். வாழ்நாளில் புகைக்காத ஆயிரம் பேரில், 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோய் வருவது ரேடானே இல்லாவிட்டால் 4 பேருக்கு. வீட்டில் 100 பெக்கரல் இருந்தால் 5 பேருக்கு. 400 இருந்தால் 7 பேருக்கு. புகைப்பதை விடாத ஆயிரம் பேரில் இதே எண்கள் 100, 120, 160.

இந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.

புகையிலைதான் முதல் வேலை

புகைக்காதவரின் அறையில் 400 பெக்கரல் இருந்தால் ஆயிரத்தில் மூன்று பேர் கூடுகிறார்கள். புகைப்பவரின் அறையில் அதே 400 இருந்தால் அறுபது பேர் கூடுகிறார்கள். காரணம், ரேடானும் புகையிலையும் ஒன்றோடொன்று கூட்டல் கணக்கில் சேருவதில்லை. புகையிலை ஏற்கெனவே உயர்த்தி வைத்த ஆபத்தை ரேடான் மேலும் பெருக்குகிறது. ரேடான் கருவிக்கும் ஃபேனுக்கும் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, அதே அறையில் பீடியோ சிகரெட்டோ பற்ற வைப்பவருக்கு இந்த நூலால் உதவ முடியாது. புகைக்காத அப்பாவும் பையனும் அந்த அறையில் இருந்தால், அடுத்தவர் விட்ட புகையும் அவர்கள் நெஞ்சுக்குள் போகும்.

விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற தேசியப் புகையிலைத் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம். கட்டணம் கிடையாது. கடையில் வேலை செய்யும் வடமாநிலப் பையன்களிடம் இந்த எண்ணைக் கொடுங்கள். அவர்கள் வாயில் அடக்கும் கைனியும் குட்காவும் நுரையீரலைவிட வாயைக் கெடுக்கும். அதற்கும் இதே எண்தான்.

ஊதுவத்தி, கொசுவர்த்தி, மூடிய அறையில் சமையல் புகை இவை மூன்றும் காற்றில் நுண்தூசியைக் கூட்டும். ரேடானின் வாரிசுகள் ஏறி உட்கார இடம் கொடுக்கும். கொசுவர்த்திக்குப் பதில் சன்னலுக்குக் கொசு வலை அடித்தால் புகையும் இல்லை, சன்னலையும் மூட வேண்டியதில்லை. இந்த நூலில் சொன்ன செலவுகளிலேயே மிக லாபமான செலவு அந்த வலை என்பது என் கட்சி.

எந்த அறையை அளப்பது

துணியின் ஜிஎஸ்எம்மை யாரும் கையால் தடவிப் பார்த்து பில் போடுவதில்லை. வட்டமாக வெட்டி, தராசில் வைத்துத்தான் சொல்கிறோம். ரேடானும் அப்படித்தான், அளந்தால் மட்டுமே தெரியும். எல்லா அறையையும் அளக்க வேண்டியதில்லை. மண்ணோடு ஒட்டிய தளம், மூடியே இருக்கும் அறை, ஒருவர் தினமும் பல மணி நேரம் இருக்கும் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தை அளந்தால் போதும். தரைக்குக் கீழே குடோன், அதில் ஒருவர் இரவு படுக்கிறார் என்றால் முதல் இடம் அதற்குத்தான். அடுத்து, தரைத்தளத்தில் ஏசி போட்ட படுக்கையறை. ஓட்டு வீட்டில், காற்று தானாகவே மேலே போய்வரும் வீட்டில் இருப்பவர்கள் அந்தப் பணத்தை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏசி பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியவில்லை. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. வெளியே தொங்கும் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பெட்டிக்கும் நடுவே போவது குளிர்வாயு ஓடும் செம்புக் குழாயும் வயரும், தண்ணீர் வடியும் குழாயும்தான்.

அளக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, சிறு பிளாஸ்டிக் டப்பிக்குள் வைத்த ஃபிலிம். ஆல்ஃபா துகள் பட்ட இடமெல்லாம் அதில் தழும்பு விழும். மூன்று மாதம் அறையில் தொங்கவிட்டு, பிறகு ஆய்வகத்தில் தழும்புகளை எண்ணுவார்கள். நம் நாட்டில் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் டப்பிகளில் ரேடானுக்கும் தோரானுக்கும் தனித்தனி அறை இருக்கும். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் இயற்கைக் கதிர்வீச்சை அளந்தவர்கள் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர்கள். இதில் அனுபவமுள்ள துறைகள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கட்டடச் சங்கமோ வியாபாரிகள் சங்கமோ பத்துப் பதினைந்து குடோன்களைச் சேர்த்துக்கொண்டு கேட்டால், மாணவர்களின் ஆய்வுக்கும் பயன், நமக்கும் பயன்.

இன்னொன்று, ஆன்லைனில் கிடைக்கும் டிஜிட்டல் கருவி. ஏர்திங்ஸ், ரேடான்ஐ போன்ற பெயர்களில் வருகிறது. ஒருவர் வாங்கி ஐந்தாறு கடைக்காரர்கள் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஓரிரு நாளில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். குறைந்தது ஒரு மாதச் சராசரியைப் பாருங்கள். பகலில் ஷட்டர் திறந்திருக்கும்போது எண் இறங்கும், விடியற்காலையில் ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாம் சாத்தியிருக்கும்போது இன்னும் ஏறலாம். மழையில் வெளி மண் நனைந்து அடைத்துக்கொண்டால், மண்ணுக்குள்ளிருக்கும் வாயு காய்ந்த இடம் தேடிக் கட்டடத்துக்கு அடியில்தான் வரும்.

வைக்கும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தரையிலிருந்து மூன்றடியாவது உயரம் வேண்டும். சுவரை ஒட்டி வைத்தால் தோரான் புகுந்து கணக்கைக் கெடுக்கலாம், ஒரு அடி தள்ளி வையுங்கள். சன்னலுக்கு எதிரே, ஃபேனுக்கு நேர் கீழே, ஏசி காற்று படும் இடத்தில், குளியலறையில் வைக்காதீர்கள். படுக்கிறவர் தலை இருக்கும் உயரத்தை ஒட்டி இருந்தால் நல்லது. பையன்கள் சார்ஜ் போடுவதற்காகக் கருவியை நகர்த்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கருவி என்றால் ஒரு லிட்டருக்கு இத்தனை பிக்கோகியூரி என்று காட்டும். 37ஆல் பெருக்கினால் ஒரு கன மீட்டருக்கான பெக்கரல் கிடைக்கும். அங்கே 4 பிக்கோகியூரிக்கு மேல் போனால் சரிசெய்யச் சொல்கிறார்கள், நம் கணக்கில் 148.

மாதச் சராசரி 100க்குக் கீழே இருந்தால் கருவியை அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். கட்டடத்தில் பெரிய மாற்றம் செய்தால், புதிதாக ஏசி போட்டால், மறுபடி அளந்தால் போதும். 100க்கும் 300க்கும் நடுவில் என்றால் கீழே சொல்லும் சின்ன வேலைகளை இந்த வருடத்துக்குள் செய்யுங்கள். 300ஐத் தாண்டினால் அந்த அறையில் யாரையும் படுக்கவிடாதீர்கள். சரக்கு இருக்கட்டும், ஆள் மாடிக்குப் போகட்டும்.

சரிசெய்வது

முதல் வேலைக்குக் காசு வேண்டாம். சுவர் மேலே இருக்கும் வென்டிலேட்டரைப் போய்ப் பாருங்கள். பத்தில் எட்டு குடோன்களில் அதன் முன்னால் கூரை வரை பண்டல் இருக்கும், இல்லையென்றால் தூசி வராமலிருக்க அட்டையை ஆணியடித்திருப்பார்கள். ஒரு வரிசை பண்டலை இறக்கி, அட்டையைக் கழற்றி, கம்பி வலை போடுங்கள். எதிர்ச் சுவரிலோ ஷட்டரின் மேல் பகுதியிலோ இன்னொரு திறப்பு இருந்தால்தான் காற்று ஓடும். ஒரு பக்கத் திறப்பு பாதி வேலைதான் செய்யும்.

காலையில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் போதுமா என்று கேட்பார்கள். போதாது. திறந்திருக்கும்போது எண் சரசரவென்று இறங்கும். மூடிய பிறகு ஏறக்குறைய அரை நாளில் பழைய நிலைக்கே வந்துவிடும். இரவு படுக்கிற அறை இரவில் திறந்திருக்க வேண்டும். திருட்டு பயம் உள்ள தெருவில் அது முடியாதென்றால், எக்ஸாஸ்ட் ஃபேனைத் திருப்பிப் போட்டு வெளிக்காற்றை உள்ளே ஊதச் செய்யலாம். உள்ளே அழுத்தம் சற்றே கூடினால் தரை வழி உறிஞ்சல் குறையும். எக்ஸாஸ்டாகவே ஓட வேண்டிய இடத்தில், காற்று நுழைய அதைவிடப் பெரிய திறப்பு ஒன்று எதிரில் இருக்கட்டும்.

அடுத்தது தரை. பண்டலை நகர்த்தி, டார்ச் அடித்து, சுவரும் தரையும் சேரும் கோட்டை முழுக்கப் பாருங்கள். கேபிளும் குழாயும் தரைக்குள் இறங்கும் இடங்களைப் பாருங்கள். பழைய மெஷின் போல்ட் பிடுங்கிய ஓட்டைகள் கட்டாயம் இருக்கும். பெரிய விரிசலுக்கு கிரவுட், சின்னதற்கு பியு சீலன்ட். பயன்படுத்தாத தரைச் சாக்கடைத் துளையில் தண்ணீர் வற்றிப்போயிருந்தால் அது நேராக மண்ணுக்குப் போகும் வழி. தண்ணீர் ஊற்றி வையுங்கள் அல்லது அடைத்துவிடுங்கள். அடைப்பது மட்டும் பெரிய பலன் தராது. எத்தனை அடைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் மிச்சம் இருக்கும். அடுத்து சொல்லும் முறைக்கு அது துணை.

உறுதியான முறை தரைக்கடியில் குழாய் போடுவது. தரையில் ஒரு துளை போட்டு, கீழே இரண்டு பெரிய வாளி மண்ணை அள்ளி, சிறு குழியாக்கி, அதில் நாலு அங்குல பிவிசி குழாயை இறக்கி, சுற்றி அடைத்துவிட வேண்டும். குழாய் சுவரோரமாக மேலேறி மொட்டை மாடிக்கு மேலே முடியும். நடுவே ஒரு சின்ன இன்லைன் ஃபேன் இரவும் பகலும் ஓடும். அறைக்குள் வருவதற்கு முன்பே வாயுவைத் தரைக்கடியிலேயே பிடித்து வெளியேற்றிவிடும். நன்றாகச் செய்தால் ரேடான் பாதிக்கும் கீழே வரும், பல வீடுகளில் பத்தில் ஒரு பங்காகவும் இறங்கியிருக்கிறது. பிளம்பருக்கு இது புது வேலைதான், கஷ்டமான வேலை இல்லை. காதர்பேட்டையில் ஒரே ஒரு எச்சரிக்கை: அடுத்த கட்டடத்தின் சன்னல் கையெட்டும் தூரத்தில் இருக்கும். குழாயின் வாய் அதற்கு நேராகத் திரும்பாமல், அதைவிட உயரத்தில் முடிய வேண்டும். இல்லையென்றால் உங்கள் வாயுவை அவர் படுக்கையறைக்கு அனுப்புகிறீர்கள். எந்த வேலை செய்தாலும் முடிந்த பிறகு மறுபடி ஒரு மாதம் அளக்க வேண்டும்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு எல்லாமே மலிவு. தரை போடும் முன் நாலு அங்குலத்துக்குச் சுத்தமான ஜல்லி, ஒரே அளவு, பொடி கலக்காமல். அதன்மேல் 150 மைக்ரானுக்குக் குறையாத பாலித்தீன் ஷீட், ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி. ஷீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பிவிசி குழாயை மொட்டை மாடி வரை கொண்டுபோய்விட்டால், பிறகு தேவைப்பட்டால் ஃபேன் மாட்டிக்கொள்ளலாம். பிறகு கான்கிரீட். கொத்தனார் ஷீட்டின்மேல் கடப்பாரையோடு நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு. இந்த ஷீட்டே தரை ஈரம் ஏறிச் சரக்கில் பூஞ்சை பிடிப்பதையும் தடுக்கும். மேஸ்திரியிடம் ரேடான் என்று சொல்லிப் புரியவைக்க முடியாவிட்டால் பூஞ்சைக்கு என்று சொல்லுங்கள், உடனே செய்து தருவார்.

போர் தண்ணீர், கிரானைட், ஏமாற்று வேலைகள்

பாறைக்குள் ஆயிரம் அடி இறக்கிய போரில் வரும் தண்ணீரில் ரேடான் கரைந்திருக்கலாம். பவானியிலிருந்து குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரில் அது பெரும்பாலும் இருக்காது, வழியிலேயே காற்றில் போய்விடும். போர் தண்ணீரைக் குடிப்பதைவிட, சின்னக் குளியலறையில் ஷவரில் அடித்து மூச்சில் இழுப்பதுதான் கவனிக்க வேண்டியது. அதுவும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 10 பெக்கரல் இருந்தால், வீட்டுக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சேர்வது ஏறத்தாழ 1 பெக்கரல் மட்டுமே. மோட்டாரிலிருந்து நேராகக் குளியலறைக்கு விடாமல் மாடித் தொட்டியில் விழவிட்டு எடுங்கள். விழும்போது ஒரு பகுதி பறந்துவிடும், தேங்கி நிற்கும் ஒவ்வொரு நாளும் ஆறில் ஒரு பங்கு சிதைந்துவிடும். ஆர்ஓ மெஷின் டிடிஎஸ்ஸைக் குறைக்கும், கரைந்த வாயுவைப் பிடிக்காது.

"அண்ணா, தரைக்குக் கிரானைட் போட்டுட்டனுங்க, பெயர்த்து எடுக்கோணுமா?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார். வேண்டாம். கிரானைட்டும் சாம்பல் கல்லும் கொஞ்சம் ரேடான் விடும் என்பது உண்மை. கட்டடத்துக்கு அடியிலிருக்கும் மண் விடுவதோடு ஒப்பிட்டால் அது சில்லறை. அளந்து பார்த்து எண் அதிகமாக இருந்தால் மட்டும் அதை யோசிக்கலாம்.

ஏர் பியூரிஃபையர் தூசியைப் பிடிக்கும், தூசியில் ஒட்டிய ரேடான் வாரிசுகளில் ஒரு பங்கையும் பிடிக்கும். ரேடான் வாயு அதன் வழியே அப்படியே வந்துபோகும். ரேடானுக்கு மருந்தாக அதை வாங்காதீர்கள். செடி வைத்தால் ரேடான் குறையும், உப்பு விளக்கு வைத்தால் குறையும், செல்போனில் ஸ்டிக்கர் ஒட்டினால் குறையும் என்று விற்பவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: வைப்பதற்கு முன் எத்தனை பெக்கரல், வைத்த பிறகு எத்தனை? "ஆப்" இறக்கினால் போன் அளந்துவிடும் என்பதும் பொய். போனுக்குள் அதற்கான பாகம் எதுவும் இல்லை.

இருமல்

நம் ஊரில் இருமலுக்கு ஒரு தயார் பதில் உண்டு: பஞ்சுத் தூசி. கட்டிங்கில், செக்கிங்கில் இருப்பவர்கள் மாதக்கணக்கில் இருமிக்கொண்டே இதைச் சொல்வார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், இலவசம். காசநோய் இல்லை என்று வந்தும் இருமல் தொடர்ந்தால், அல்லது காசநோய் மருந்து சாப்பிட்டும் குறையாவிட்டால், அங்கேயே விட்டுவிடக் கூடாது. காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுத்து, பிறகு புற்றுநோய் என்று தெரிய வருவது இந்தியாவில் அடிக்கடி நடக்கிறது. சளியில் ரத்தக் கீற்று, காரணமில்லாத எடைக்குறைவு, குரல் கம்மி அப்படியே நிற்பது, தோள்பட்டையிலோ நெஞ்சிலோ விடாத வலி, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் நெஞ்சு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சிடி ஸ்கேன் என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். எக்ஸ்ரே சுத்தமாக வந்தாலும் சிடியில் கட்டி தெரிவது உண்டு. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம், மேற்சிகிச்சைக்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

வீட்டில் ரேடான் அதிகம் என்று தெரிந்ததும் நல்ல உடம்போடு இருப்பவர் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியதில்லை. வருடாந்திரக் குறைந்த அளவு சிடி பரிசோதனை பல நாடுகளில் ஐம்பது வயது தாண்டிய, பல ஆண்டுகள் நிறையப் புகைத்தவர்களுக்கு மட்டும் சொல்லப்படுகிறது. அப்படிப்பட்டவராக இருந்தால் மருத்துவரைப் பார்க்கும்போது இரண்டு விவரங்களை எழுதிக் கொண்டுபோங்கள்: தினம் எத்தனை பீடி அல்லது சிகரெட், எத்தனை வருடம் என்பது ஒன்று. படுக்கும் அறையில் ரேடானின் மாதச் சராசரி எவ்வளவு, அங்கே எத்தனை வருடம் படுத்தீர்கள் என்பது இன்னொன்று.